ஹேஸ்டிங்ஸ் தெருவில் ஆயிரம் சிலுவைகள்

2023 கடைசியில் ஆபீஸ் வேலையா மூணு மாசம் கனடாவின் வான்கூவரில் இருந்தேன். ஆன்சைட் போறவங்க எல்லாரும் முதல் வாரத்தில் கேட்கிற கேள்விகள் மூணு. நம்ம ஊர் அரிசி எங்க கிடைக்கும், கோயில் எங்க இருக்கு, எந்தப் பக்கம் போகக்கூடாது. மூணாவது கேள்விக்கு டீம்ல இருந்த சீனியர் ஒருத்தர் சட்டுனு பதில் சொன்னார். "ஹேஸ்டிங்ஸ் தெருவும் மெயின் தெருவும் சேர்ற இடம் ஒண்ணு இருக்கு. பஸ்ல போனாக்கூட ஜன்னல் பக்கம் திரும்பாதப்பா."

திரும்பாதேன்னு சொன்னா திரும்பாம இருக்க முடியுமா? ஒரு சனிக்கிழமை மதியம் அந்த வழியா போன பஸ் நெரிசலில் நின்னுது. பொறுமை இல்லாம இறங்கி நடந்தேன். நடைபாதை ஓரத்தில் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தார். உதடு நீலமா இருந்தது. பக்கத்தில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாங்க. அவங்க கையிலயும் ஊசித் தழும்புகள். ஒரு சின்ன ஜிப் பையைத் திறந்து ஊசி எடுத்து, ஜீன்ஸுக்கு மேலயே அந்த ஆளோட தொடையில் குத்தினாங்க. அப்புறம் அவர் தலையைப் பின்னால சாய்ச்சு வாயில ஒரு மூச்சு ஊதினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா அஞ்சு வரைக்கும் எண்ணினாங்க. மறுபடி ஒரு மூச்சு. மறுபடி அஞ்சு. மூணு நாலு நிமிஷம் இருக்கும். அந்த ஆள் இருமிக்கிட்டு கண்ணைத் திறந்தார். அதுக்கப்புறம்தான் ஆம்புலன்ஸ் வந்தது.

எனக்கு அந்த நேரத்தில் தோணினது என்ன தெரியுமா? 'இவங்களே போட்டுக்கறாங்க, இவங்களே காப்பாத்திக்கறாங்க, என்ன பொழப்புடா இது.' எழுதவே வெட்கமா இருக்கு. ஆனா மறைச்சுட்டு எழுதினா இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்லை. ரூமுக்கு வந்ததும் அந்த ஜிப் பையில் என்ன இருந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரம் பூரா இதிலேயே போச்சு. படிச்சதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

முதலில், சாவு எப்படி வருது?

அபின், மார்ஃபின், ஹெராயின், ஃபென்டானில் எல்லாம் ஒரே குடும்பம். ஓபியாய்டுன்னு பொதுப்பெயர். மூளைத் தண்டில் 'மூச்சு விடு' என்று கட்டளை போடற பகுதி இருக்கு. இந்த மருந்துகள் வலியை மழுங்கடிக்கும்போது அந்தக் கட்டளையையும் சேர்த்து மழுங்கடிக்கும். அளவு கூடிட்டா மூச்சு மெதுவாகி, நின்னு போய், ஆக்சிஜன் இல்லாம இதயமும் நிற்கும்.

இதில் முக்கியமான விஷயம், இது கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது இல்லை. சில நிமிஷங்கள் ஆகும். அந்தச் சில நிமிஷத்தில் பக்கத்தில் யாராவது இருந்து மூச்சு ஊதினா ஆள் பிழைச்சுக்கலாம். நலாக்சோன்னு ஒரு மருந்து இருக்கு. ஓபியாய்டு போய் ஒட்டிக்கிற இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுட்டு தான் உட்கார்ந்துக்கும். 1961இல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சது, 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. போதை தராது, விலையும் பெரிசில்லை. ஆனா பல காலம் ஆஸ்பத்திரியிலயும் ஆம்புலன்ஸிலயும் மட்டும்தான் இருந்தது. போதை ஊசி போடறவங்க கைக்கே அதைக் கொடுக்கலாம் என்ற யோசனையை அமெரிக்காவில் முதலில் செயல்படுத்தினது சிகாகோவில் ஒரு சின்ன தன்னார்வக் குழு. வருஷம் 1996. மருந்து வந்து 25 வருஷம் கழிச்சு!

ஆக, ஓவர்டோஸில் சாகிறவங்க பெரும்பாலும் சாகிறது தனியா இருக்கிறதால. மத்ததெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வர்றதுதான்.

1908: ஒரு நஷ்டஈட்டுக் கணக்கு

வான்கூவர் கதை ஹெராயினில் ஆரம்பிக்கலை. 1907 செப்டம்பர் 7ஆம் தேதி, ஆசியாக்காரங்க கனடாவுக்கு வரக்கூடாதுன்னு கூட்டம் போட்ட ஒரு கும்பல், சைனாடவுனில் புகுந்து கடைகளை நொறுக்கியது. அடுத்து ஜப்பானியர்கள் இருந்த பவல் தெருப் பக்கம் போனாங்க. சேதத்தைக் கணக்குப் பார்த்து நஷ்டஈடு கொடுக்க ஒட்டாவாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெயர் மெக்கென்சி கிங். பிற்காலத்தில் கனடாவின் பிரதமராக நீண்ட காலம் இருந்தவர்.

நஷ்டஈடு கேட்டவங்களில் அபின் தயாரிக்கிற சீன வியாபாரிகளும் இருந்தாங்க. அப்போ அது சட்டப்படியான தொழில்தான். கிங் அதிர்ச்சி ஆயிட்டார். அபின் பற்றித் தனியா ஒரு அறிக்கை எழுதினார். 1908இல் கனடாவின் முதல் அபின் தடைச் சட்டம் வந்தது. அடி வாங்கினவங்களுக்கு நியாயம் செய்ய வந்த விசாரணை, அவங்க தொழிலைக் குற்றமாக்கி முடிஞ்சது. அபின் நல்லதுன்னு சொல்ல வரலை. ஆனா அந்தச் சட்டம் டாக்டர்களிடமிருந்து பிறக்கலை, ஒரு இனக் கலவரத்தின் பின்விளைவாப் பிறந்தது என்பதைக் குறிச்சு வச்சுக்கோங்க. போதையை வியாதியாப் பார்க்கிறதா, குற்றமாப் பார்க்கிறதா என்ற சண்டை அங்கேயே ஆரம்பம்.

விசித்திரம் என்னன்னா, நான் நின்ன அந்த ஹேஸ்டிங்ஸ் தெரு சைனாடவுனுக்கும் பவல் தெருவுக்கும் நடுவில்தான் ஓடுது.

ஒரு தெரு எப்படி இப்படி ஆச்சு?

அந்தப் பகுதியின் பெயர் டவுன்டவுன் ஈஸ்ட்சைட். மரம் வெட்டறவங்க, சுரங்கத் தொழிலாளிகள், மாலுமிகள் எல்லாம் சீசன் இல்லாதப்போ வந்து தங்கின இடம். ஒத்தை ரூம், பொதுக் கழிப்பறை, வார வாடகை. நம்ம திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி. அந்தத் தொழில்கள் சுருங்கின பிறகு ரூம்கள் மட்டும் மிஞ்சின. 1986 உலகக் கண்காட்சி சமயத்தில், டூரிஸ்டுகளுக்கு ரூம் விடலாம்னு பழைய ஆட்கள் நிறைய பேரை வெளியே துரத்தினாங்க. பெரிய மனநல மருத்துவமனையில் படுக்கைகளைக் குறைச்சப்போ அங்கிருந்து வந்தவங்க பலருக்கும் கட்டுப்படியான வாடகை இங்கே மட்டும்தான். 1993இல் வுட்வர்ட்ஸ் என்ற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் மூடினதும் தெருவின் நடமாட்டமே செத்துப் போச்சு.

அதே சமயம் ஹெராயின் வீரியம் கூடி, விலை குறைஞ்சு வந்து இறங்கியது. 1980களின் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முழுக்க ஓவர்டோஸ் சாவு ஒரு வருஷத்துக்குச் சில பத்துகள்தான். 1993இல் அது 300ஐத் தாண்டிருச்சு. அங்கே சந்தேக மரணங்களை விசாரிக்கிற அதிகாரிக்கு கரோனர்னு பெயர். தலைமைக் கரோனர் வின்ஸ் கெய்ன் 1994இல் ஒரு அறிக்கை தயாரிச்சார். இதைக் குற்றப் பிரச்சனையாப் பார்க்காதீங்க, சுகாதாரப் பிரச்சனையாப் பாருங்கன்னு சொன்னார். அறிக்கைகளுக்கு வழக்கமா என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அலமாரிக்குப் போச்சு.

அடுத்து வந்தது எச்.ஐ.வி. ஊரில் ஊசி மாற்றும் மையம் 1989லிருந்தே இருந்தது. ஆனா கொக்கெய்னை ஊசியா போடறவங்க ஒரு நாளைக்கு பத்து, இருபது தடவைகூட போடுவாங்க. பழைய ஊசி ஒண்ணு கொடுத்தா புது ஊசி ஒண்ணு என்ற கணக்கு அதுக்குத் தாங்கலை. 1997இல் வந்த ஆய்வுப்படி, ஊசி போடறவங்க 100 பேரில் வருஷத்துக்கு சுமார் 18 பேருக்குப் புதுசா எச்.ஐ.வி. தொற்றியது. வளர்ந்த நாடுகளில் அதுவரை யாரும் பார்க்காத வேகம். உலகத்தின் வசதியான ஊர்களில் ஒண்ணில்!

சிலுவைகள்

இங்கேதான் பட் ஆஸ்பார்ன் வர்றார். கவிஞர். பல வருஷம் ஹெராயின் அடிமையா இருந்தவர். 1997 ஜூலையில் அவரும் நண்பர்களும் ஒப்பன்ஹைமர் பூங்காவில் 1,000 மரச் சிலுவைகளை நட்டாங்க. ஒரு சிலுவை, ஒரு சாவு. பூங்கா முழுக்க வெள்ளையா சிலுவை. ஹேஸ்டிங்ஸ் தெருவில் போக்குவரத்தையும் மறிச்சாங்க. அதுவரை நம்பரா இருந்தது அன்னிக்கு ஊர் கண்ணில் குத்தியது. (1907இல் கும்பல் புகுந்தது இந்தப் பூங்கா இருக்கிற பவல் தெருவுக்குத்தான்.)

அவர் கோஷம் போட்டதோட நிறுத்தலை. உள்ளூர் சுகாதார வாரியத்தில் உறுப்பினரா உட்கார்ந்தார். 1997 செப்டம்பரில் வாரியம் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிச்சதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆன் லிவிங்ஸ்டன் என்ற சமூகச் செயல்பாட்டாளரோட சேர்ந்து, போதை பயன்படுத்துறவங்களே நடத்துற ஒரு சங்கத்தையும் தொடங்கினார். சுருக்கமா வாண்டு. பெயரைப் பார்த்து சிரிக்காதீங்க, ஆங்கிலப் பெயரோட முதல் எழுத்துகள் அப்படி அமைஞ்சிருச்சு. சங்கத்துக்காரங்க ராத்திரி ரோந்து போவாங்க, சந்து சந்தா சுத்தமான ஊசி கொடுப்பாங்க, விழுந்து கிடக்கிறவங்களை எழுப்பிப் பார்ப்பாங்க. நகரமன்றக் கூட்டத்துக்கும் போய் மைக் முன்னாடி நின்னு பேசுவாங்க.

எனக்கு ஆச்சரியமான ஆள் பிலிப் ஓவன். 1993லிருந்து மேயர். வலதுசாரிக் கட்சிக்காரர், வியாபாரி, அப்பா மாகாணத்தின் ஆளுநரா இருந்தவர். இவருக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்? ஆரம்பத்தில் இவரும் போலீஸ் நடவடிக்கை பக்கம்தான். அப்புறம் போதைக்காரங்களோடயும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெத்தவங்களோடயும் உட்கார்ந்து பேசப் பேச, மனுஷன் மாறினார். ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி நகரங்கள் என்ன செய்யுதுன்னு ஊரில் பலர் படிச்சுப் பார்த்தாங்க. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1986லேயே மேற்பார்வையில் ஊசி போடுற அறை வந்திருந்தது. ஓவன் அரசு நான்கு தூண் திட்டத்தைக் கொண்டுவந்தது. தடுப்பு, சிகிச்சை, சட்டம் ஒழுங்கு, தீங்கு குறைத்தல். 2001 மே மாசம் நகரமன்றம் ஏத்துக்கிட்டது. நாலாவது தூண்தான் சர்ச்சை. 'நிறுத்த முடியாதவன் நிறுத்துற வரைக்கும் உயிரோட இருக்கட்டும்' என்பது அதன் சாரம்.

சைனாடவுன், கேஸ்டவுன் வியாபாரிகள் எதிர்த்தாங்க. எங்க கடை வாசலில் ஏன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ஓவனோட சொந்தக் கட்சியே அவரைக் கைவிட்டது. 2002 தேர்தலில் அவர் நிற்கலை. ஆனா ஜெயிச்சவர் யார்? லாரி கேம்ப்பெல். போலீஸில் போதைத் தடுப்புப் பிரிவில் இருந்தவர், பிறகு தலைமைக் கரோனர். வருஷக்கணக்கா இந்தத் தெருவின் பிணங்களுக்குக் கணக்கெழுதினவர். திறந்தே தீருவேன்னு சொல்லி ஓட்டு கேட்டு, பெரிய வித்தியாசத்தில் ஜெயிச்சார். வேற வேற கட்சி, வேற வேற ஆள், ஆனா ஊர் ஒரே முடிவில் நின்னது.

139 ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ்

அனுமதி வர்றதுக்கு முன்னாடியே ஆன் லிவிங்ஸ்டன் ஆட்கள் 2003 ஏப்ரலில் கேரல் தெருவில் சட்டவிரோதமா ஒரு ஊசி அறையைத் திறந்துட்டாங்க. ஒரு நர்ஸ், சில தன்னார்வலர்கள், அவ்வளவுதான். செப்டம்பரில் மத்திய அரசின் மூணு வருஷ விதிவிலக்கோட 'இன்சைட்' திறந்தது. வட அமெரிக்காவில் அரசு அனுமதியோட வந்த முதல் இடம். 1908 சட்டத்துக்கு 95 வருஷம் கழிச்சு, அதே பேட்டையில்.

உள்ளே 12 தடுப்பு. ஒவ்வொண்ணிலும் ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி. சரக்கு அவங்க கொண்டு வரணும், மையம் கொடுக்காது. சுத்தமான ஊசியும் தண்ணியும் மையம் கொடுக்கும். நர்ஸ் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. மூச்சு குறைஞ்சா ஆக்சிஜன், நலாக்சோன். புண்ணுக்கு மருந்து. 2007இல் மாடியிலேயே போதை நிறுத்த விரும்புறவங்களுக்கு 12 அறைகளும் வந்தது. ஓவர்டோஸ்கள் ஆயிரக்கணக்கில் நடந்தும், அங்கே ஓவர்டோஸில் ஒரு உயிர்கூடப் போகலை.

சும்மா நல்லா இருக்குன்னு சொன்னா எஞ்சினியர் புத்தி நம்புமா? 2011இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. இன்சைட் திறந்த பிறகு அதைச் சுத்தி 500 மீட்டருக்குள் ஓவர்டோஸ் சாவு 35% குறைஞ்சிருந்தது. நகரத்தின் மற்ற பகுதிகளில் குறைஞ்சது 9.3%. வாரம் ஒரு தடவையாவது வர்றவங்க சிகிச்சைக்குச் சேர்வதும் சீக்கிரமா நடக்குதுன்னு 2006லேயே இன்னொரு ஆய்வு சொல்லியிருந்தது. 'போதையை ஊக்குவிக்குது' என்ற குற்றச்சாட்டுக்கு அது ஒரு பதில்.

2006இல் மத்தியில் ஆட்சி மாறியது. ஸ்டீஃபன் ஹார்ப்பர் அரசுக்கு இந்த இடத்தைப் பிடிக்கலை. விதிவிலக்கை நீட்டிக்காம இழுத்தடிச்சாங்க. இடத்தை நடத்தின அமைப்பு, வாண்டு, அங்கே வர்ற ரெண்டு பேர் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனாங்க. மாகாண நீதிமன்றங்களில் ஜெயிச்சு, கடைசியில் 2011 செப்டம்பர் 30 அன்று கனடா உச்ச நீதிமன்றத்தில் 9க்கு 0 என்று தீர்ப்பு. மூடினா உயிர் போகும் என்பதற்கு ஆதாரம் இருக்கு, மூடாம இருப்பதால் தீங்குன்னு காட்ட ஒண்ணும் இல்லை, அதனால் விதிவிலக்கை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவதுன்னு சொன்னாங்க. தீர்ப்பு வெளியானப்போ ஹேஸ்டிங்ஸ் தெருவில் விடிகாலை. ராத்திரி பூரா முழிச்சுக் காத்திருந்த கூட்டம் கட்டிப் பிடிச்சு அழுதது.

சினிமான்னா இந்த இடத்தில் 'சுபம்' போட்டிருப்பாங்க.

ஃபென்டானில்

2012 வாக்கில் ஓவர்டோஸில் செத்தவங்க ரத்தத்தில் ஃபென்டானில் தெரிய ஆரம்பிச்சது. அப்போ 20இல் ஒருத்தருக்கு. 2016இல் மூணில் ரெண்டு பேருக்கு. ஹெராயினைவிட சுமார் 50 மடங்கு வீரியம். கசகசா வயல் வேண்டாம், ரசாயனம் போதும். எடை குறைவு, கடத்த சுலபம். வியாபாரி பக்கம் பார்த்தா லாபம். போடறவன் பக்கம் பார்த்தா லாட்டரி. உப்பு சரியாக் கலக்காத சோறு மாதிரி, ஒரே பொட்டலத்தில் ஒரு ஓரம் சப்புன்னு இருக்கும், இன்னொரு ஓரம் ஆளைக் கொல்லும். 2016இல் இன்சைட்டிலேயே சோதனைக் காகிதம் வச்சுப் பார்த்தப்போ, பத்தில் எட்டுக்கு மேல் ஃபென்டானில். பலர் ஹெராயின்னு நினைச்சு வாங்கினது.

2016 ஏப்ரல் 14 அன்று மாகாணத்தின் தலைமைச் சுகாதார அதிகாரி டாக்டர் பெர்ரி கெண்டல் அவசரநிலை அறிவிச்சார். அந்த வருஷச் சாவு ஆயிரத்தை ஒட்டி. அடுத்த வருஷம் 1,500 வாக்கில். 55 லட்சம் பேர் இருக்கிற ஒரு மாகாணம். சென்னையைவிடக் குறைவான கூட்டம்.

அரசு கோப்பு நகர்ந்துக்கிட்டு இருந்தப்போ, 2016 செப்டம்பரில் சாரா பிளைத்தும் அதே ஆன் லிவிங்ஸ்டனும் ஹேஸ்டிங்ஸ் பின் சந்தில் ஒரு கூடாரம் போட்டாங்க. மேஜை, நாற்காலி, நலாக்சோன், கவனிச்சுக்க ஆட்கள். அனுமதி? இல்லை. 2003இல் ஒரு மையத்துக்கு விதிவிலக்கு வாங்க எத்தனை வருஷம் ஆச்சு! இந்தத் தடவை டிசம்பரில் மாகாண சுகாதார அமைச்சர் டெரி லேக் ஒரே உத்தரவில், தேவையான இடத்தில் எல்லாம் இப்படித் திறக்கலாம்னு சொல்லிட்டார். சட்டத்தைச் சாவு முந்திக்கிட்டுப் போனதால், சந்தும் சட்டத்தை முந்தியது.

மாகாண நோய்த்தடுப்பு மையம் 2012லிருந்தே நலாக்சோன் பைகளை இலவசமாக் கொடுத்துக்கிட்டு இருந்தது. 2016இல் மருத்துவர் சீட்டு தேவையில்லைன்னு ஆக்கினாங்க. நான் பார்த்த ஜிப் பை அதுதான். ஓவர்டோஸ்னு போன் பண்ணினவங்க மேல போதை வச்சிருந்ததுக்குக் கேஸ் போடக்கூடாதுன்னு 2017இல் நாடு முழுக்க சட்டம் வந்தது. போலீஸுக்குப் பயந்து நண்பனை விட்டுட்டு ஓடினவங்க கதை எத்தனையோ.

அப்போ இதெல்லாம் வேலை செஞ்சதா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 2019இல் சாவு ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. 2020இல் கோவிட் வந்து, எல்லாரும் தனித்தனியா ரூமில் அடைஞ்சாங்க. தனியா இருந்தா என்ன ஆகும்னு மேலேயே பார்த்தோம். சரக்கில் தூக்கமாத்திரை வகை மருந்துகளும் கலக்க ஆரம்பிச்சது. அதுக்கு நலாக்சோன் வேலை செய்யாது. 2021இல் 2,300 வாக்கில். 2023இல் 2,500ஐத் தாண்டியது, ஒரு நாளைக்கு ஏழு பேர். 2024லிருந்துதான் குறைய ஆரம்பிச்சது.

வான்கூவர் இருபது வருஷமா எல்லாத்தையும் செஞ்சு பார்த்துருச்சு, ஒண்ணும் நடக்கலைன்னு சொல்றவங்க இந்த நம்பரைத்தான் காட்டுவாங்க. எனக்கும் முதலில் அப்படித்தான் தோணுச்சு. அப்புறம் இன்னொரு ஆய்வு கண்ணில் பட்டது. 2019இல் வந்தது. 2016 ஏப்ரல்லேர்ந்து 2017 டிசம்பர் வரை மாகாணத்தில் செத்தவங்க 2,177 பேர். நலாக்சோன் பை, கண்காணிப்பு இடங்கள், மாற்று மருந்து சிகிச்சை மூணும் இல்லாம இருந்திருந்தா, கூடவே இன்னும் 3,030 பேர் செத்திருப்பாங்கன்னு கணித மாதிரி வச்சுக் கணக்குப் போட்டிருக்காங்க.

நம்ம வேலையில் இது பழகின விஷயம்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா டிக்கெட் இருக்கு, ஈமெயில் இருக்கு, மேனேஜர் திட்டு இருக்கு. விழாம பார்த்துக்கிட்டவனுக்கு லாகில் ஒரு வரிகூட இருக்காது. அந்த 3,030 பேர் யாருன்னு யாருக்கும் தெரியாது. அவங்களுக்கே தெரியாது. சிலுவை நடவும் முடியாது.

ஆனா இதைச் சொல்லி நழுவவும் கூடாது. நாலு தூணில் சிகிச்சைத் தூண் எப்பவுமே குட்டையாத்தான் இருந்தது. நிறுத்தணும்னு ஒருத்தர் நினைக்கிற அந்த ஒரு நாளில் படுக்கை கிடைக்காது, காத்திருக்கச் சொல்வாங்க. வீடு அதைவிடக் கஷ்டம். 2023 ஜனவரி 31லிருந்து 2.5 கிராம் வரை வச்சிருந்தா குற்றமில்லைன்னு மூணு வருஷச் சோதனை ஆரம்பிச்சாங்க. பூங்காவிலயும் பஸ் ஸ்டாப்பிலயும் போட ஆரம்பிச்சாங்கன்னு மக்கள் கொதிச்சாங்க. 2024 மே மாசம் பொது இடங்களில் மறுபடி தடை. கொதிச்சவங்களை நான் கல்நெஞ்சுக்காரங்கன்னு சொல்ல மாட்டேன். குழந்தையை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற அம்மாவுக்கும் அந்தத் தெருதான் தெரு.

இன்னொண்ணும் சொல்லணும். கேமரா எல்லாம் ஹேஸ்டிங்ஸ் தெருவில் நின்னாலும் சாவுகளில் பெரும்பகுதி நடந்தது வீட்டுக்குள்ளே. செத்தவங்களில் முக்கால்வாசி ஆண்கள், நிறைய பேர் 30லிருந்து 59 வயசுக்குள்ளே. கட்டட வேலையில் முதுகு ஒடிஞ்சு வலி மாத்திரையில் ஆரம்பிச்சவங்க உண்டு. பூர்வகுடி மக்கள் சாகிற விகிதம் மற்றவங்களைவிட அஞ்சு மடங்குக்கு மேல். சர்ரே பக்கம் பஞ்சாபிக் குடும்பங்களிலும் பையன்கள் போயிருக்காங்க. வெளியே சொன்னா மானம் போயிரும்னு அறைக்கதவைச் சாத்தின வீடுகள். ஹேஸ்டிங்ஸ் தெருவில் விழுந்தா ஒரு அம்மா ஓடி வருவாங்க. அந்த வீடுகளில் கதவைத் திறக்கக்கூட ஆள் இருக்காது. 'ஜன்னல் பக்கம் திரும்பாதப்பா' என்று எனக்குச் சொன்ன அறிவுரையும், அந்தச் சாத்தின கதவும் ஒரே ஜாதிதான்னு இப்போ தோணுது.

ஊர் திரும்பறதுக்கு முன்னாடி, இணையத்தில் அவங்க இலவசமா வச்சிருந்த நலாக்சோன் பயிற்சியை எடுத்தேன். ரொம்ப நேரம் ஆகாது. தோளைத் தட்டி எழுப்பு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு, தலையைச் சாய்ச்சு மூச்சுப் பாதையைத் திற, அஞ்சு நொடிக்கு ஒரு மூச்சு ஊது, தொடையில் ஊசி போடு, மறுபடி ஊது.

அஞ்சு நொடிக்கு ஒண்ணு. அந்த அம்மா எதுக்கு அஞ்சு வரைக்கும் எண்ணினாங்கன்னு அப்போதான் புரிஞ்சது. கூட்டத்தில் நின்ன எங்க எல்லாரையும்விட அவங்களுக்கு வேலை சரியாத் தெரிஞ்சிருந்தது. நான் போனைக் கையில் வச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதுகூட நான் இல்லை.